கம்பியில்லா விசைப்பலகைக்குக் கம்பி பூட்டுதல்

எழுதுதற்குரிய கருவி ஏடும் எழுத்தாணியுமாக இருந்த காலம் போயிற்று. தாளும் பேனாவுமாக இருந்த காலமும் குறுகி வருகின்றது. இன்று விசைப்பலகையே பெரும்பான்மையோர்க்குக் கைக்கருவியாய் அமைந்துவிட்டது. கணக்கர், பத்திரிகை எழுதுவோர், வழக்கறிஞரிடம் பணிபுரியும் எழுத்தர், கல்லூரி மாணாக்கர் ஆகிய பலரும் நாடோறும் பல மணி நேரம் இதன்முன் அமர்ந்திருக்கின்றனர். நம் முன்னோர் எழுத்தாணியின் முனை மழுங்கினால் தாமே அதனைத் தீட்டிக்கொண்டனர். நாமோ நம் எழுதுகருவியினுள் இருப்பது யாதென்று அறியாமலே அதனைக் கையாண்டு வருகின்றோம். இவ்வறியாமையால் விளைவது யாதெனில், கருவியின் சிற்றுறுப்பு ஒன்று கெட்டாலும், கெடாத பெரும்பகுதியையும் உடன் எறிந்துவிடுகின்றோம்.

சென்னையினின்றும் பூந்தமல்லியைக் கடந்து திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை அறியாதார் இலர். நோக்கியா நிறுவனத்தாரின் தொலைபேசித் தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் நடந்தது. இன்றும் மின்னணுக் கருவிகளை இணைத்து உலகெங்கும் அனுப்பும் ஆலைகள் அப்பக்கத்தே உள. ஆகவே இத்தகைய கருவிகளைச் செய்யத் தெரிந்த கைகள் நம்மிடையே இல்லை என்பதற்கில்லை. செய்த கருவியைத் திறந்து பார்த்துச் செம்மை செய்யும் பழக்கமே அரிது. அப்பழக்கத்திற்கு ஒரு சான்றாக, பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட கம்பியில்லா விசைப்பலகை ஒன்றனைக் கம்பியுடையதாக மாற்றி மீட்டும் உழைக்கச் செய்யும் முறையை ஈண்டு விளக்குவோம்.

கைக்கிசைந்த பலகை

1873-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஷோல்ஸ் என்பாரது தட்டெழுத்துப் பொறியை உற்பத்தி செய்ய ரெமிங்டன் கம்பெனியார் உடன்பட்டனர். அது முதல் விசைகள் நேர்வரிசைகளாகவே அமைந்து வந்தன. அவ்வமைப்புப் பொறிக்கு இசைந்ததேயன்றிக் கைக்கு இசைந்ததன்று. நேர்வரிசையில் விரல்களை வைக்குங்கால் மணிக்கட்டு இரண்டும் வெளிப்புறமாக வளைகின்றன. முன்கைகளும் உள்ளங்கை கீழ்நோக்குமாறு திருகி நிற்கின்றன. சிறிது நேரம் இங்ஙனம் இருப்பதால் தீங்கில்லை. நாள் முழுதும் இங்ஙனமே இருப்போர் பலர் கைநோவுக்கு ஆளாகின்றனர்.

இதனைக் கருதியே விசைகளை இருபாலாகப் பிரித்து, நடுவே மேடாக்கி, மணிக்கட்டு வளையாதவாறு செய்த பலகைகள் தோன்றின. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1994-இல் அத்தகையதொன்றை வெளியிட்டனர். 2013-இல் ஸ்கல்ப்ட் என்னும் பெயருடைய மற்றொன்றையும் வெளியிட்டனர். பின்னது கம்பியில்லாதது. பலகையினுள் இரண்டு சிறு பாட்டரிகள் உண்டு. விரல் நுனியளவான ஏற்பி ஒன்று கணிப்பொறியில் செருகப்படும். டாங்கிள் என்று கடைத்தெருவில் வழங்குவது இதுவே. பலகை வானலை வழியாக அனுப்பும் செய்தியை இவ்வேற்பி வாங்கிக் கணிப்பொறிக்கு உரைக்கும்.

இடர்ப்பாடு இங்கேதான் உளது. பலகையும் ஏற்பியும் ஆலையிலேயே ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. ஏற்பி தொலைந்துபோயின், வேறோர் ஏற்பியை வாங்கி அப்பலகையோடு பிணைத்தல் இயலாது. இப்பிணைப்பைச் செய்தோர் காரணமின்றிச் செய்தாரல்லர். விசைச் செய்தி வானலையிற் செல்வதால், அண்டையிலிருப்போர் களவாகக் கேட்டுக் கடவுச்சொல் முதலியவற்றை அறிந்துகொள்ளக் கூடும். சில பழைய கம்பியில்லாப் பலகைகளின் செய்தியை அங்ஙனம் கேட்கலாம் என்பதை 2015-இல் சாமி காம்கர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்துக் காட்டினார். ஸ்கல்ப்ட் பலகையோ தன் செய்தியை வலிய மறைகுறியால் மூடி அனுப்புவது. பூட்டு நல்லதே, ஆயினும் திறவுகோல் ஒன்றே ஒன்றாகி, அதுவும் விரல் நுனியளவினதாயிருப்பின், அது தொலைந்த நாளில் வீடே வீணாகின்றது. நூறு விசைகளும் குறைவின்றி இருக்க, பலகை மட்டும் ஊமையாகி விடுகின்றது. 2023-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் தம் பெயரால் விசைப்பலகைகள் விற்பதை நிறுத்துவதாக அறிவித்தனர். அவ்வடிவங்களுட் சிலவற்றைத் தொடர்ந்து விற்க இன்கேஸ் என்னும் நிறுவனத்தார் பின்னர் உரிமை பெற்றனர். இந்நிலையில், கைக்குப் பழகிய பலகையை உடையோர் அதனைக் காத்துக்கொள்ள விரும்புதல் இயல்பே.

பலகையின் உள்ளமைப்பு

நூறு விசைகளுக்கு நூறு தனிக் கம்பிகள் வைத்தல் வீண் செலவு. ஆதலின் பலகை செய்வோர் நெசவாளர் முறையைப் பின்பற்றினர். காஞ்சிபுரத்துத் தறியில் பாவு நூல்கள் நெடுக்காகவும் ஊடை நூல்கள் குறுக்காகவும் செல்லுதல்போல, பலகையினுள் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளில் நெடுக்குத் தடங்களும் குறுக்குத் தடங்களும் மின்சாரம் செல்லும் மையால் அச்சிடப்பட்டிருக்கின்றன. பாவும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வோரிடத்தும் ஒரு விசை நிற்கும். விசையை அழுத்தாதவரை அவ்விரு தடங்களும் ஒன்றையொன்று தீண்டா, அழுத்தினால் தீண்டும். 18 நெடுக்குத் தடங்களும் 8 குறுக்குத் தடங்களும் இருப்பின், 26 தடங்களைக் கொண்டே 144 விசைகளை அறியலாம்.

அறியும் வேலையைச் செய்வது ஒரு சில்லு. அது நெடுக்குத் தடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டி, ஒவ்வொரு முறையும் குறுக்குத் தடங்களில் எதில் அத்தூண்டல் தோன்றுகின்றதென்று பார்க்கின்றது. ஐந்தாம் நெடுக்குத் தடத்தைத் தூண்டும்போது மூன்றாம் குறுக்குத் தடம் விடையளித்தால், அவை சந்திக்குமிடத்து விசை அழுத்தப்பட்டிருக்கிறதென்பது பெறப்படும். தடங்கள் முழுவதையும் இங்ஙனம் சுற்றிவருதல் ஒரு விநாடிக்குள் பல நூறு முறை நிகழும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. விசையை ஒருமுறை அழுத்தினாலும், தீண்டும் பரப்புக்கள் சில மில்லி விநாடிகள் துள்ளித் துள்ளியே அமைதியடையும். சில்லு பொறுமையின்றி உடனுக்குடன் எண்ணுமாயின் ஓரெழுத்துப் பல எழுத்தாகிவிடும். ஆகவே 5 மில்லி விநாடி அளவு காத்திருந்து, துள்ளல் அடங்கிய பின்னரே முடிவு கூறுமாறு அதற்குக் கட்டளை இடப்படுகின்றது. இத்தகைய கட்டளைகள் சில்லினுள் நிலையாய்த் தங்கியிருக்கும். இவற்றின் தொகுதியையே ஃபர்ம்வேர் என்பர். நாம் இதனை நிலைக்கட்டளை என்று வழங்குவோம்.

ஆகவே விசைப்பலகை என்பது மூன்று பகுதிகளின் சேர்க்கை: விரல் தீண்டும் விசையும் தகடும் ஒன்று, நிலைக்கட்டளை தாங்கிய சில்லு ஒன்று, செய்தியை வானலையில் விடும் உறுப்பு ஒன்று. ஏற்பி தொலைந்தால் பயனற்றுப் போவது மூன்றாவது மட்டுமே. முதலாவதை வைத்துக்கொண்டு, பின்னிரண்டையும் நீக்கி, அவற்றினிடத்தே நம் கட்டளைக்கு உட்பட்ட ஒரு சில்லை அமர்த்துதலே நாம் செய்யவேண்டுவது.

புதிய சில்லும் அதன் கட்டளையும்

இதற்கு ஏற்ற சில்லுப் பலகைகள் சென்னை ரிச்சி தெருவில் விலைக்குக் கிடைக்கும். 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தினர் 4 டாலர் விலையில் வெளியிட்ட ராஸ்பெரி பை பிகோ என்பது அவற்றுள் ஒன்று. அதில் நாம் விரும்பியபடி பயன்படுத்தத்தக்க முனைகள் 26 உள. மேற்கூறிய 18-உம் 8-உம் கூடிய தொகைக்கு இது சரியாக அமையும். தடங்கள் மிகுதியாயிருப்பினும், விளக்குகளை எரியச் செய்ய முனைகள் வேண்டினும், பெரிய சில்லுப் பலகையை நாடவேண்டும்.

நிலைக்கட்டளையை முதலிலிருந்து எழுதவேண்டுவதில்லை. ஜுன் வாகோ என்பார் டி.எம்.கே. என்னும் கட்டளைத் தொகுதியை எழுதி யாவரும் எடுத்தாள விட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு ஜாக் ஹம்பர்ட் என்பார் தொடங்கிய கியூ.எம்.கே. என்னும் தொகுதி இன்று பலர் கூட்டுழைப்பால் வளர்ந்து நிற்கின்றது. இதனை விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். தடங்களைச் சுற்றிவருதல், துள்ளலை அடக்குதல், கணிப்பொறியோடு உரையாடுதல் ஆகிய கடின வேலைகள் யாவும் இதனுள் முன்னரே எழுதப்பட்டுள்ளன. நம் பலகையின் தடங்கள் எவை, எவ்விசை எங்குளது என்பவற்றை மட்டும் நாம் கூறினாற் போதும்.

செய்முறை

முதலாவது, பாட்டரிகளை எடுத்துவிட்டுப் பலகையைத் திறத்தல் வேண்டும். திருகுகள் ரப்பர்க் கால்களின் கீழும் கைதாங்கியின் கீழும் மறைந்திருத்தல் வழக்கமாதலால், திறவாதவிடத்து வலிந்து பிளத்தல் ஆகாது. உள்ளே தகட்டினின்றும் ஒரு நாடா புறப்பட்டுச் சில்லுப் பலகையின் செருகுவாயில் நுழைந்திருக்கும். செருகுவாயின் தாழை மெல்ல உயர்த்தி நாடாவை வெளியே எடுக்கவேண்டும். இந்நாடாவே பலகையின் நரம்புக் கொடி. இது கிழியின் மாற்று இல்லை.

இரண்டாவது, எந்த விசை எவ்விரு தடங்களை இணைக்கின்றதென்று அட்டவணை எழுதுதல் வேண்டும். இம்முழு வேலைக்கும் உயிர்நாடி இதுவே. ஒரு விசையை அழுத்தியபடி மல்டிமீட்டரின் ஒரு முனையை நாடாவின் முதல் தடத்தில் வைத்து, மறுமுனையை ஏனைத் தடங்களின்மேல் ஒவ்வொன்றாய் நகர்த்த வேண்டும். பின்னர் முதல் முனையை அடுத்த தடத்திற்கு மாற்றி இங்ஙனமே தொடர வேண்டும். தடங்கள் செம்பினால் ஆகாமல் மையினால் அச்சிடப்பட்டவையாதலால் அவற்றின் மின்தடை சற்று மிகுதி. ஆதலின் மல்டிமீட்டரின் ஒலியை மட்டும் நம்பினால், இணைப்பு இருந்தும் அது ஒலியாது நம்மை ஏமாற்றும். ஓம் அளவைக் கண்ணாற் பார்த்தே துணிதல் வேண்டும். சில விசைகளை ஆராய்ந்தபின் ஓர் ஒழுங்கு புலப்படும். தடங்கள் இரண்டு குலங்களாகப் பிரியும். ஒரே குலத்துத் தடங்கள் இரண்டினைத் தனி விசை ஒன்று இணைப்பதில்லை. ஒரு குலம் பாவு, மற்றையது ஊடை என்று கொள்க. இவ்வொழுங்கு புலப்பட்டபின் எஞ்சிய வேலை விரைந்து முடியும்.

மூன்றாவது, நாடாவைப் புதிய சில்லோடு இணைத்தல். நாடா பிளாஸ்டிக்கினால் ஆனது. அதன்மேல் சூடான சால்டரிங் கோலை வைத்தால் உருகிப்போம். ஆகவே அதற்குரிய செருகுவாய் ஒன்றை வாங்கி, அதன் கால்களிலேயே கம்பிகளைப் பற்றவைத்தல் வேண்டும். வாங்குமுன் தடங்களின் எண்ணிக்கையையும், அடுத்தடுத்த இரு தடங்களின் நடுக்கோடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அளந்துகொள்க. இத்தூரம் 1 மில்லிமீட்டரா அரை மில்லிமீட்டரா என்பதில் தவறினால் செருகுவாய் பொருந்தாது. பிறகு ஒவ்வொரு தடத்தையும் சில்லின் ஒவ்வொரு முனையோடு கம்பியால் இணைத்து, எது எதனோடு சேர்ந்ததென்று அட்டவணையிற் குறித்துக்கொள்ள வேண்டும். கணிப்பொறி தரும் 5 வோல்ட் மின்சாரம் சில்லின் உரிய முனைக்கே செல்லுதல் வேண்டும். பிகோவின் ஏனைய முனைகள் 3.3 வோல்ட் அளவின. 5 வோல்ட் பாயின் அவை கெடும்.

நான்காவது, அட்டவணையிற் கண்டவற்றைக் கியூ.எம்.கே. தொகுதி ஏற்கும் வடிவில் எழுதிக் கணிப்பொறியைக்கொண்டு நிலைக்கட்டளைக் கோப்பாக மாற்றுதல். பிகோவிலுள்ள சிறு பொத்தானை அழுத்தியவாறே அதனைக் கணிப்பொறியில் இணைத்தால், அது ஒரு பென் டிரைவ் போலத் தோன்றும். கோப்பினை அதனுள் இட்டால் சில்லு தானே விழித்தெழுந்து விசைப்பலகையாகிவிடும்.

ஐந்தாவது, கம்பியை உறுதி செய்தல். வெளியே செல்லும் கம்பியை யாரேனும் இழுத்தால் அவ்விழுப்புச் சில்லின்மேல் விழாதவாறு, கூட்டின் உட்புறத்தே கம்பியைப் பிணித்து வைக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு விசையாக அழுத்திச் சோதித்துக் கூட்டை மூடலாம். ஒரு விசை மட்டும் தவறான எழுத்தைத் தரின் அட்டவணையிற் பிழை. ஒரு வரிசை முழுதும் வாளாவிருப்பின் ஒரு கம்பியின் பற்றுப் பிழை என்று அறிக.

ஆவி விசை

இவ்வமைப்பிற்கு இயல்பான குறை ஒன்றுளது. பாவும் ஊடையும் சேர்ந்து அமைக்கும் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளுள் மூன்றில் உள்ள விசைகளை ஒருங்கே அழுத்தினால், மின்சாரம் அம்மூன்றன் வழியே சுற்றிச் சென்று நான்காவது மூலையிலும் தோன்றும். அழுத்தாத விசை அழுத்தப்பட்டதாகச் சில்லு மயங்கும். இம்மயக்கத்தை ஆவி விசை என்று வழங்கலாம். ஒவ்வொரு விசையோடும் ஒரு டயோடு வைப்பின் இது நேராது. ஆனால் அச்சிட்ட தகட்டினுள் டயோடு வைக்க இடமில்லை. எனவே ஷிப்ட், கன்ட்ரோல் முதலிய துணைவிசைகளைப் பிறவற்றோடு மோதாத தனித் தடங்களில் வைத்து ஆலையினர் ஒருவாறு இதனைத் தவிர்க்கின்றனர். மயக்கத்திற்கு இடமான சேர்க்கை நேரின் அதனைப் புறக்கணிக்குமாறு நிலைக்கட்டளையிலும் விதிக்கலாம். இரண்டு தடங்களின் சந்திப்பைப் பற்றிய இவ்வறிவு எத்துணைப் பயனுடையதென்பது பின்னர் விளங்கும்.

தமிழெழுத்தும் விசையும்

விசைப்பலகை எழுத்தை அனுப்புகின்றது என்பது பலர் எண்ணம். அஃது உண்மையன்று; அது அனுப்புவது ஓர் எண்ணே. ஆங்கில ஏ விசைக்கு 4, எச் விசைக்கு 11 என்று எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. 11 என்ற எண் வந்தால் எந்த எழுத்தை எழுதுவதென்று துணிவது கணிப்பொறி. 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 முறை கணிப்பொறியில் இயங்கும்போது, அவ்வெண்ணுக்கு உரிய எழுத்து 'க' ஆகும். தமிழ்99 முறையில் உயிரெழுத்துக்கள் பெரும்பாலும் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தன. இரு சுட்டுவிரல்களும் தங்குதற்கு விசைகளின்மேல் உள்ள சிறு மேடுகள், இடப்புறம் புள்ளிக்கும் வலப்புறம் பகரத்திற்கும் உரியவை.

இதற்கு முன்னரே, யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவிற் பணிபுரிந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்து, 247 எழுத்துக்களைச் சில பத்து விசைகளுள் அடக்க முயன்று வெற்றி பெற்றார். இகரக் குறி, புள்ளி முதலியவற்றைத் தட்டும்போது தாள் நகராதிருக்கச் செய்யும் விசைகளால் தமிழ்ப் பொறிகள் இதனைச் சாதித்தன. அக்காலத்தில் விசையின் ஒழுங்கு இரும்பிலே வார்க்கப்பட்டது. மாற்ற விரும்புவோர் பட்டறைக்குச் செல்லவேண்டும். இன்றோ அவ்வொழுங்கு நிலைக்கட்டளையில் எழுதப்பட்ட ஓர் அட்டவணையே. சுண்டுவிரல் நோவுடையார் அவ்விரலின் வேலையைப் பெருவிரலுக்கு மாற்றலாம். ஒரு கையே உடையார் இரு கை விசைகளையும் ஒரு புறத்தே வைத்துக்கொள்ளலாம். கம்பி பூட்டியதன் பெரும்பயன் தொலைந்த ஏற்பிக்கு மாற்றுக் கண்டது மட்டுமன்று. பலகையின் ஒழுங்கு அதனை ஆளும் கையின் வசமாயிற்று என்பதே.

விரலே கண்ணாவோர்க்கு

பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்க்கான அரசினர் பள்ளி ஒன்றும், பார்வைக் குறையுடையோர்க்கான தேசிய நிறுவனத்தின் மண்டல நிலையமும் உள. அங்குப் பயில்வோர்க்கு விரலே கண். லூயி பிரெயில் வகுத்த ஆறு புள்ளி முறையில், ஓரெழுத்துக்குரிய புள்ளிகளை ஒருங்கே அழுத்தி எழுதும் பொறிகள் உலகெங்கும் வழங்குகின்றன. 1951-இல் உற்பத்தியான பெர்கின்ஸ் பொறி அவற்றுட் புகழ்பெற்றது. இந்திய மொழிகளுக்குரிய பாரதி பிரெயில் முறையும் அவ்வாண்டிலேயே ஏற்கப்பட்டது.

நாம் மீட்ட பலகையின் நடுவரிசையில், இடக்கையின் மூன்று விரல்களும் வலக்கையின் மூன்று விரல்களும் தங்கும் ஆறு விசைகளை ஆறு புள்ளிகளாகக் கொள்ளலாம். பாரதி பிரெயிலில் 'க' என்பது முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியும் சேர்ந்தது. அவ்விரண்டும் ஒருங்கே அழுந்தினால் 11 என்ற எண்ணை அனுப்புக என்று நிலைக்கட்டளையில் எழுதினால், தமிழ்99 இயங்கும் கணிப்பொறியில் ககரம் தோன்றும். முதற்புள்ளி மட்டும் அழுந்தினால் 4 என்ற எண்ணை அனுப்புக எனின் அகரம் தோன்றும். ஏனைய எழுத்துக்களுக்கும் இங்ஙனமே அட்டவணை எழுதிக்கொள்ளலாம்.

ஆயினும் ஆறு விசைகள் ஒருங்கே அழுந்துமிடத்து ஆவி விசை குறுக்கிடுமன்றோ? சாதாரணப் பலகைகள் சில ஆறு புள்ளி எழுத்துக்கு உதவாமற் போவதன் காரணம் இதுவே. இங்கேதான் முன்னர்ப் பொறுமையுடன் எழுதிய அட்டவணை பயன் தருகின்றது. ஆறு விசைகளும் ஒரே குறுக்குத் தடத்தில் இருப்பின், அல்லது ஒவ்வொன்றும் வெவ்வேறு நெடுக்குத் தடத்திலும் வெவ்வேறு குறுக்குத் தடத்திலும் இருப்பின், செவ்வகத்தின் மூன்று மூலைகள் அமையா, மயக்கமும் இல்லை. எவ்வாறு விசைகள் தகுதியுடையன என்பதை அட்டவணையை ஒருமுறை நோக்கியே கூறிவிடலாம். கடையில் வாங்கிய பலகையின் உறை இதனைக் கூறாது. திறந்து அளந்தவரே அறிவர்.

இவ்வேலையால் சில இழப்புக்களும் உண்டு. பலகையை மடிமேலோ தொலைவிலோ வைத்து எழுதும் சுதந்தரம் குறையும். விற்றவர் தந்த உத்தரவாதமும் நீங்கும். மாறாக, பாட்டரி வாங்கும் செலவு இல்லை. செய்தியை வானலையிற் களவாகக் கேட்பாரும் இல்லை. ஏற்பி தொலையுமென்ற அச்சமும் இல்லை. பழுது பார்க்கும் உரிமையை மக்கள் எளிதிற் பெறும்பொருட்டு இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறையினர் 2022 டிசம்பரில் ஓர் இணையவாயிலைத் திறந்தனர். மின்கழிவு பற்றிய புதிய விதிகளும் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. விதிகள் வழிகாட்டும், திருகுளியை எடுத்துத் திறந்து பார்க்கவேண்டியவர் நாமே.

மாணவ நண்பர்கள் தம் இல்லத்தில் வாளாவிருக்கும் பலகை ஒன்றனை எடுத்து, ஒரு மல்டிமீட்டரும் ஒரு தாளும் கொண்டு அதன் அட்டவணையை மட்டும் முதலில் எழுதிப் பார்ப்பாராக. அதற்குச் செலவு சிறிது. இரண்டொரு மாலைப்பொழுதே வேண்டுவது. கம்பி பூட்டுதல் பின்னர் நிகழட்டும். அட்டவணை எழுதி முடித்தவர்க்கு அப்பலகை மூடிய பெட்டியாக இராது.